தறி பையனுக்கு, கேம் யாருக்கு?

ஆணி கொஞ்சம் ஓவராப் போனதுல இந்தப் பக்கம் எட்டிப் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு. நூல் விலை ஏறுனா எங்களுக்கு ஆணி, எறங்குனா அதைவிட ஆணி. சரி, மேட்டருக்கு வருவோம்.

இன்னைக்கு கேம் பத்தி எழுதப் போறேன். உடனே "நாங்கல்லாம் புள்ளகுட்டிக்காரங்க, எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்"னு மூடிட்டுப் போயிராதீங்க. கேம் ஒரு சாக்குதான். காசு குடுத்து "வாங்குனேன்"னு சொல்றோமே, அந்த வார்த்தைக்கு இப்ப என்ன அர்த்தம் மிச்சம் இருக்கு, அதான் சங்கதி.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி.

தொண்ணூறுகள்ல எங்க பள்ளிபாளையத்துல "டிவி கேம்" இருக்கற வீடுன்னா அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு தனி மரியாதை. ஜப்பான்ல 1983ல நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாம் மிசினோட நகல்தான் அது. ஆனா அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆத்துப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போயி, பேரம் பேசி, பை நிறைய ஒயரோட வாங்கிட்டு வருவாங்க. கூடவே மஞ்ச கலர்ல ஒரு கேசட்டு. மேல "9999 இன் 1"னு போட்டிருக்கும். உள்ள பாத்தா ஒரு இருவது கேம், மீதியெல்லாம் அதே கேம்தான் வேற வேற பேர்ல (ஏமாத்துறதுலயும் ஒரு உழைப்பு பாருங்க). காண்ட்ரா, மாரியோ, டாங்க். ஓடலைன்னா கேசட்டைக் கழட்டி ஃபூன்னு ஒரு ஊது. ஓடிரும்.

அந்தக் கேசட்டு நம்மளுது. அதுல சந்தேகமே கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம், மாத்திக்கலாம், சலிச்சுப் போனா பாதி விலைக்குத் தள்ளிரலாம். செஞ்ச கம்பெனி இழுத்து மூடிட்டுப் போனாலும் நம்ம வீட்டுக் கேசட்டுக்கு ஒரு சேதாரமும் இல்ல. அதுக்கு யார்கிட்டயும் போன் போட்டு "நான் வெளையாடலாமுங்களா"ன்னு கேட்கத் தெரியாது.

*

அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. கேம் சிடியில வந்துச்சு. சிடியைக் காப்பி அடிக்கறது சுலபம்ங்கறதால கம்பெனிக்காரங்க பூட்டுப் போட ஆரம்பிச்சாங்க. இதைத்தான் டிஆர்எம்ங்கறாங்க. நம்ம ஊர்த் தமிழ்ல பூட்டுன்னே சொல்லிக்கலாம்.

மொத தலைமுறைப் பூட்டு சிடியிலயே இருந்துச்சு. சேஃப்டிஸ்க், செக்யூராம் மாதிரி. காசு குடுத்து வாங்குன ஒரிஜினல் தட்டு டிரைவுக்குள்ள இருக்கான்னு பாக்கும், இல்லைன்னா கேம் ஓடாது. இதுல சேஃப்டிஸ்க்கு, விண்டோஸோட அடி மடியில ஒரு டிரைவரை உக்கார வெச்சுத்தான் வேலை செய்யும். 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப மைக்ரோசாப்ட் என்ன பண்ணுச்சு? இந்தப் பூட்டெல்லாம் பாதுகாப்புக்கு ஆபத்துன்னு சொல்லி, இதெல்லாம் எங்க வீட்டுல ஓடாதுன்னு கதவைச் சாத்திருச்சு. மைக்ரோசாப்ட் செஞ்சது ஒரு வகையில நியாயம்தான். ஆனா விளைவைப் பாருங்க. காசு குடுத்து ஒரிஜினல் தட்டு வாங்கிப் பீரோல வெச்சிருந்தவன் கேம் ஓடல. பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பி வெச்சிருந்தவன் கேம் ஜம்முனு ஓடுச்சு.

ரெண்டாவது தலைமுறை, எண்ணிக்கைப் பூட்டு. 2008ல ஸ்போர்னு ஒரு கேம் வந்துச்சு. மூணு தடவைதான் இன்ஸ்டால் பண்ணலாம், அதுக்கு மேல கம்பெனிகிட்ட கேக்கணும்னு விதி. ஜனங்க கொதிச்சுப் போயி வழக்கே போட்டாங்க, எண்ணிக்கையை அஞ்சாக்குனாங்க. அவ்வளவு பூட்டுப் போட்டும், அந்த வருசம் திருட்டுத்தனமா அதிகமா இறக்கப்பட்ட கேம்கள்ல அதுவும் ஒண்ணு.

மூணாவது தலைமுறைதான் நமக்கு ஆகவே ஆகாதது. நெட் எப்பவும் இருந்தே ஆகணும்ங்கற பூட்டு. 2010ல யுபிசாஃப்ட் அசாசின்ஸ் கிரீட் 2ன்னு ஒரு கேமை கம்ப்யூட்டருக்கு விட்டுச்சு. ஒத்த ஆளா வெளையாடற கேம்தான். ஆனா நெட் போச்சுன்னா கேமும் நின்னுரும். வந்த கொஞ்ச நாள்லயே அவங்க சர்வர் மேல தாக்குதல் நடந்து, காசு குடுத்து வாங்குனவங்கெல்லாம் வெளிய நின்னாங்க.

2012 மே மாசம் டயாப்லோ 3 வந்துச்சு. அதுவும் அதே கதை. வந்த அன்னைக்கே சர்வர் தாங்காம உலகம் பூரா "எரர் 37"ன்னு காட்டுச்சு. அந்த வருசம் நம்ம பக்கம் கரண்டு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளிய நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்டு இல்லாத காலம். எங்கூர்ல விசைத்தறி சத்தம் நின்னு போயி, தெருவே கோயில் நடை சாத்துன மாதிரி இருந்துச்சு. அந்த ஊர்ல ஒருத்தன் யுபிஎஸ் வெச்சு கம்ப்யூட்டரை ஓட்டிருவான். தெருமுனை டவரும் மோடமும் அவன் கையிலயா இருக்கு? கலிபோர்னியாவுல ஏசி ரூம்ல உக்காந்து, "நெட் இல்லாதவன் எவன் இருப்பான்"னு யோசிச்சவனுக்கு பள்ளிபாளையம் எங்க தெரியப் போகுது.

*

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

எங்க மச்சான், அதாவது பெரியக்கா வீட்டுக்காரர், ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாரடைப்புல போயிட்டார். நாப்பத்தாறு வயசு. எட்டுத் தறி வெச்சு கூலிக்கு ஓட்டிட்டு இருந்தார். பாவும் ஊடையும் முதலாளி குடுப்பார், தறி நம்மளுது, மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. அவருக்குத் தறியை விட்டா ஒரே ஒரு பைத்தியம் இந்த கம்ப்யூட்டர் கேம். சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிஞ்சதும் ராத்திரி அப்பனும் மவனும் உக்காந்துருவாங்க. அக்கா சோத்தைத் தட்டுல போட்டு மடியில வெச்சுட்டுப் போகும். ஆறு வருசத்துல ஒரு இணையக் கடையில இருபத்திமூணு கேம் வாங்கியிருந்தார். எல்லாம் தள்ளுபடியில, பாத்துப் பாத்து வாங்குனது. மொத்தமா ஒரு பதினோராயிரம் ரூபா ஆகியிருக்கும்.

அவர் போனதுக்கப்புறம் ஆக வேண்டியதெல்லாம் ஆச்சு. தாலுக்கா ஆபீசுல வாரிசுச் சான்றிதழ் வாங்குனோம். அதைக் காட்டி கரண்டு சர்வீஸ் பேர் மாத்துனோம், பேங்க்ல இருந்தது அக்கா பேருக்கு வந்துச்சு, வண்டி வந்துச்சு. தறிக்கு அதுகூட வேண்டியதில்ல. அடுத்த நாள் காலையில யாரு மோட்டாரைப் போடறாங்களோ அவங்களுது.

கேம் மட்டும் வரல.

கணக்கு மச்சானோட போன் நம்பர்ல இருந்துச்சு. ரீசார்ஜ் பண்ணாம விட்டதுல நம்பர் போயி, வேற யாருக்கோ ஒதுக்கிட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஹார்டு டிஸ்க் கெட்டுப் போயி புதுசு மாட்டுனப்பதான், திரும்ப உள்ள நுழைய ஓடிபி கேட்டுச்சு. ஓடிபி யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போகுது. மாப்ள (பிளஸ் டூ படிக்கறான், என்னைவிட நல்லாவே இங்கிலீஷ் எழுதுவான்) அந்தக் கடைக்கு எழுதுனான். அப்பா தவறிட்டாருங்க, சான்றிதழ் இருக்குதுங்க, ரசீதெல்லாம் இருக்குதுங்கன்னு. ரொம்ப மரியாதையா பதில் வந்துச்சு. வருந்துகிறோம், கணக்கு அந்தத் தனிநபருக்கு மட்டுமே உரியது, வேறு ஒருவருக்கு மாற்றித் தர இயலாதுன்னு.

எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல, கேக்காதீங்க. ஏன்னா அந்தக் கடைக்காரன் ஒப்பந்தத்தை மீறல. ஒப்பந்தமே அப்படித்தான் இருக்கு.

அந்தப் பதிலைப் படிச்சுட்டு மாப்ள என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஏன் மாமா, அப்பாவோட தறி எனக்கு வந்துச்சு. அப்பாவோட கேம் யாருக்குப் போச்சு?"

யாருக்கும் போகல கண்ணு. அது உங்கப்பாவுதாவே இருந்ததில்ல.

*

இது நான் சொல்ற வியாக்கியானம் இல்லைங்க, சட்டமே சொல்லுது. கலிபோர்னியாவுல 2024 செப்டம்பர்ல ஒரு சட்டம் கையெழுத்தாச்சு, 2025 ஜனவரி 1ல இருந்து அமல். டிஜிட்டல் சரக்கு விக்கற கடை "வாங்கு"ன்னு பட்டன் வெச்சா, இது உரிமம் மட்டும்தான்னு வாடிக்கையாளருக்குத் தெளிவா சொல்லியாகணும். இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதுதான் முக்கியம். வாங்குனவன் நிரந்தரமா இறக்கி வெச்சு, நெட் இல்லாமலே பயன்படுத்திக்கலாம், கடைக்காரனால திருப்பிப் புடுங்க முடியாதுன்னா, தாராளமா "வாங்கு"ன்னே சொல்லிக்கலாமாம். பூட்டு இல்லைன்னாதான் அது விற்பனைன்னு ஒரு அரசாங்கமே எழுதி வெச்சிருக்கு.

புடுங்குவாங்களான்னு கேப்பீங்க. புடுங்கியிருக்காங்க. 2014ல வந்த தி க்ரூன்னு ஒரு கார் ரேஸ் கேம். அமெரிக்கா முழுக்க வண்டி ஓட்டலாம், தனியாவும் வெளையாடலாம். 2024 மார்ச் 31ல யுபிசாஃப்ட் சர்வரை நிறுத்துச்சு. அதோட விடல, வாங்குனவங்க கணக்குல இருந்து உரிமத்தையே எடுத்துருச்சு. இதைப் பாத்துட்டு ராஸ் ஸ்காட்ங்கறவர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்"னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சார். ஓசியில சர்வர் நடத்துன்னு அவர் கேக்கல. நிறுத்தும்போது வாங்குனவன் தனியா ஓட்டிக்கற மாதிரி விட்டுட்டுப் போன்னுதான் கேக்கறார். ஐரோப்பிய ஒன்றியத்துல அதுக்கு 10 லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு.

நம்ம ஊரு உதாரணமும் இருக்கு. 2020 செப்டம்பர் 2ல பப்ஜி மொபைலை அரசாங்கம் தடை பண்ணுச்சு. தடை சரியா தப்பாங்கறது வேற பஞ்சாயத்து. ஆனா உள்ள சட்டை துப்பாக்கின்னு ஆயிரக்கணக்குல காசு போட்ட பசங்களுக்கு, அடுத்த வருசம் பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல வர்ற வரைக்கும் கையில எதுவுமே இல்ல.

இன்னொரு கணக்கும் சொல்றேன். அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வெளிவந்த பழைய கேம்கள்ல நூத்துக்கு 87 இன்னைக்குக் கடையில வாங்கவே கிடைக்காதுன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேசன் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. மிச்சம் இருக்கறதெல்லாம் எவனோ ஒருத்தன் பரண்ல போட்டு வெச்ச தட்டும் கேசட்டும்தான்.

*

சரி, பூட்டு இல்லாம எவனாவது விப்பானா? விக்கறாங்க. அந்தக் கதை போலந்துல ஆரம்பிக்குது.

தொண்ணூறுகள்ல போலந்தும் நம்ம ஊரு மாதிரிதான். சந்தையில திருட்டுத் தட்டு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், ஒரிஜினல் வாங்கறவன் கேனயன். 1994ல மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிசின்ஸ்கின்னு ரெண்டு பேரு சிடி ப்ராஜெக்ட்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1999ல பால்டர்ஸ் கேட்னு ஒரு பெரிய கேமை போலிஷ் மொழியில கொண்டு வந்தாங்க. திருட்டுத் தட்டோட விலையில போட்டி போட முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால பெட்டிக்குள்ள வரைபடம், விதிப் புத்தகம், பாட்டு சிடின்னு அள்ளி வெச்சாங்க. நல்ல பேச்சு நடிகர்களை வெச்சு சொந்த மொழியில பேச வெச்சாங்க. சந்தைத் தட்டைவிட விலை ஜாஸ்தி, ஆனாலும் ஜனங்க வாங்குனாங்க.

அந்தப் பாடத்தை வெச்சுத்தான் 2008ல "குட் ஓல்ட் கேம்ஸ்"ங்கற கடையைத் தொறந்தாங்க. இப்ப ஜிஓஜின்னு சுருக்கிட்டாங்க. கொள்கை ஒண்ணே ஒண்ணு, பூட்டு கிடையாது. காசு குடுத்தா இன்ஸ்டாலர் ஃபைலை அப்படியே இறக்கிக்கலாம். ஹார்டு டிஸ்க்ல போட்டு வெச்சு பத்து வருசம் கழிச்சு நெட்டே இல்லாத மிசின்ல ஏத்துனாலும் ஓடும். பழைய டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸ் மாதிரி ஏற்பாட்டோட இன்னைய விண்டோஸ்ல ஓடற மாதிரி தட்டிக் கொட்டித் தர்றாங்க. 2020ல இருந்து, வாங்கி முப்பது நாளுக்குள்ள, வெளையாடியே பாத்திருந்தாலும் சரிப்படலைன்னா காசு திரும்பக் குடுக்கறாங்க.

"பூட்டு இல்லைன்னா எல்லாவனும் காப்பி அடிச்சுருவான், கம்பெனி போண்டியாயிரும்"னு சொல்லுவாங்க. அதே குழு எடுத்த விட்சர் 2 கேம் 2011ல வந்தப்ப, கடைத் தட்டுல பூட்டு இருந்துச்சு, ஜிஓஜில இல்ல. கொஞ்ச நாள்லயே தட்டுல இருந்த பூட்டையும் அவங்களே ஒரு பேட்ச் போட்டுக் கழட்டிட்டாங்க. அடுத்து 2015ல விட்சர் 3, ஜிஓஜில மொத நாள்ல இருந்தே பூட்டு இல்லாமத்தான் கிடைச்சுது. 2023 வரைக்கும் உலகம் பூரா 5 கோடி பிரதி வித்துச்சு. போண்டியான லட்சணம் இதுதான்னா நம்ம கடையும் போண்டியாகட்டும் சாமி.

2025 டிசம்பர் கடைசியில ஜிஓஜியை சிடி ப்ராஜெக்ட் தனியா வித்துருச்சு. வாங்குனது அந்தப் பழைய கிசின்ஸ்கியே. நாளைக்கு அவரும் வேற யாருக்காவது விக்கலாம், மூடலாம். நம்ம டிஸ்க்ல இறக்கி வெச்சதுக்கு எதுவும் ஆகாது. கடைக்காரனை நம்ப வேண்டிய அவசியமே இல்லாததுதான் இதோட மொத்த அழகும்.

இட்ச்னு இன்னொரு கடை இருக்கு. சின்னச் சின்ன ஆளுங்க தனியா செய்யற கேம் அங்க நிறைய, பெரும்பாலும் பூட்டு இல்லாம. முழுக்க சுதந்திர மென்பொருளா வெஸ்நாத், சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரி ஓசியிலயே கிடைக்கறதும் உண்டு.

*

ரெண்டு விசயம் தெளிவா சொல்லிர்றேன், அப்புறம் சண்டைக்கு வராதீங்க.

ஒண்ணு. பூட்டு இல்லைன்னா ஊருக்கே காப்பி போட்டுக் குடுக்கலாம்னு அர்த்தம் இல்ல. சட்டப்படி அதுவும் உரிமம்தான். கதவுக்குப் பூட்டு இல்லாததால வீடு பொதுச் சொத்து ஆயிராது. நம்ம பதிப்புரிமைச் சட்டம், கைவசம் இருக்கற மென்பொருள் கெட்டுப் போயிரும்னு பாதுகாப்புக்குக் காப்பி எடுத்து வெச்சுக்க இடம் குடுக்குது. பிரிவு 52ல இருக்கு. அதே சட்டத்துல 2012ல சேத்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோட பூட்டை உடைச்சா 2 வருசம் வரைக்கும் சிறைங்குது. அதனால உடைக்கற வேலையே வேண்டாம். பூட்டே இல்லாததை வாங்குனா இந்தத் தலைவலியே இல்ல.

ரெண்டு. எல்லாக் கேமும் இப்படிக் கிடைக்காது. நாலு பேர் சேந்து நெட்டுல வெளையாடறதுக்கு சர்வர் வேணும், அதுக்கு இதுல மருந்து இல்ல. சில பெரிய கம்பெனிங்க இந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.

மாப்ள இப்ப என்ன பண்றான்னா, கேம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை வெக்கறான். எங்கக்கா பொண்ணு ஸ்கூல்ல படிச்சப்ப கெவர்மெண்டு குடுத்த லேப்டாப்பு ஒண்ணு கிடக்கு, இன்னும் உசுரோட இருக்கு. இன்ஸ்டாலரை இறக்கி, பென் டிரைவ்ல போட்டு, அந்த லேப்டாப்புல நெட்டை அணைச்சுட்டு ஏத்திப் பாக்கறான். ஏறுனா அது வாங்குனது. ஏறலைன்னா வாடகை, முப்பது நாளுக்குள்ள காசைத் திருப்பிக் கேட்டுர்றான். 1999ல வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 அதுல பட்டு மாதிரி ஓடுது. ரெண்டு ஹார்டு டிஸ்க்ல காப்பி, ஒண்ணு அவன் வீட்டுல, ஒண்ணு எங்க வீட்டு பீரோல. மேல பேனாவால அவன் பேரு. இதுவரைக்கும் ஒன்பது கேம் சேந்திருக்கு.

அந்த இருபத்திமூணு வராது. அதைப் பத்தி அவன் பேசறதும் இல்ல.

வாடகைக்கு எடுக்கறது தப்புன்னு நான் சொல்லல. மாசம் இவ்வளவுன்னு கட்டி ஆசை தீர வெளையாடிட்டு விடறவங்களுக்கு அது லாபம்தான். வாடகையை வாடகைன்னு சொல்லுங்கன்னுதான் கேக்கறேன். விலைங்கற பேர்ல முழுக் காசையும் வாங்கிட்டு வாடகைச் சாவி குடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. 2023ல வெண்பான்னு ஒரு கேம் வந்துச்சு. டொராண்டோவுல இருக்கற விசை கேம்ஸ் செஞ்சது, 2024ல பாஃப்டா விருதுகூட வாங்குச்சு. எண்பதுகள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அந்தம்மாகிட்ட அவங்க அம்மாவோட சமையல் நோட்டு இருக்கும். கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு, பாதி இட்லிக் குறிப்பு காணாமப் போயிருக்கும். மிச்சத்தை நாமதான் யோசிச்சு யோசிச்சு சமைக்கணும். அதை ஓட்டறப்ப எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. அழிஞ்சாலும் கிழிஞ்சாலும் நோட்டு அவங்க கையில இருந்துச்சு, அதனாலதான் மீட்க முடிஞ்சுது. பாட்டி செத்ததும் நோட்டுப் பக்கமெல்லாம் வெள்ளையாப் போயிருந்தா என்ன சமைச்சிருப்பாங்க?

டிஸ்கி 1: இந்தக் கடைக்காரங்க யாரும் எனக்குக் காசு குடுக்கல. குடுத்தா சொல்றேன், ஹிஹி.

டிஸ்கி 2: உங்க பேர்ல இருக்கற கணக்கு, மெயில், போன் நம்பர் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. கேம் வெளையாடாதவங்களுக்கும்தான்.